திருத்திய படி

கிரிம்ஸ்பி, எழுபத்து நான்கு, பிப்ரவரி.
மரண விசாரணை அலுவலகத்தின் பின்னறையில்
ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது.
கெல்வின் சவர்பி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
அண்ணன் செத்ததைச் சொன்னார்.
நான் தட்டச்சு செய்தேன்.

"நம்ம நெவில் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தான், லைக்,
டீ கூட முடிக்கல."

இறந்தவர் சம்பவ இடத்தில் நின்றுகொண்டிருந்தார்
என்று தாளில் விழுந்தது.
டீயை விட்டுவிட்டேன்.
அந்த லைக்கையும்.
எங்கள் ஊரில் பேச்சு முடியும் இடத்தில்
எல்லோரும் அதை வைப்பார்கள்,
கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து விடுவதுபோல.

டோன்ட், டிடின்ட், வுடின்ட் என்று அவர் பேசப் பேச
உயரத்தில் தொங்கும் ஒவ்வொரு காற்புள்ளியையும் கழற்றி,
உதிர்ந்துபோன ஓ எழுத்தைப் பொறுக்கி
அதனதன் இடத்தில் உட்காரவைத்தேன்.
டூ நாட். டிட் நாட். வுட் நாட்.
அவர் மூச்சே விடாத இடங்களில்
இடைவெளி வந்து உட்கார்ந்தது.

கம்பி அறுந்த நொடியைக் கேட்டபோது
"ஐ டிடின்ட் சீ நத்திங்" என்றார்.
இரண்டு இல்லைகள்.
இரண்டு இல்லை சேர்ந்தால் ஆமாம்,
பயிற்சிக் கையேடு, பக்கம் பத்தொன்பது.
ஒன்றை எடுத்துவிட்டேன்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட மனிதருக்கு
இரண்டும் தேவைப்பட்டிருக்கும்.

நானும் துறைமுகத் தெருக்காரிதான்.
வீட்டில் அவர் பேசுவதைத்தான் பேசுவேன்.
காலையில் அலுவலகக் கொக்கியில்
கோட்டோடு சேர்த்து அதையும் மாட்டிவிடுவேன்.

முடிந்ததும் படித்துக் காட்டினேன்.
அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்,
வேறு யாராவது வந்து பேசுகிறார்களோ என்று.
"இவ்ளோ படிச்சவனா நான்?"
சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.
பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

வின்ச் கம்பியின் தேய்மானம் குறித்து
முன்னறிவிப்பு வழங்கப்படவில்லை.

"ஆக்லாம் எங்க?"
"யார்?"
"மேஸ்திரி. கம்பி பிஞ்சு கெடக்குறது தெரியும் அந்தாளுக்கு.
தெரிஞ்சும் எங்ககிட்ட வாயத் தொறக்கல.
அதத்தானே சொன்னேன்.
இதுல அவன் இல்லையே."

பார்த்தேன். இல்லைதான்.
வழங்கப்படவில்லை என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால்
ஒரு முழு ஆள், மஃப்ளரும் பூட்சுமாக,
நழுவிப் போயிருந்தார்.
வழிவிட்டவள் நான்.
கையேட்டில் அதற்குப் பெயர்
கண்ணியமான நடை.

புதுத் தாளைச் சுருட்டி ஏற்றினேன்.
மேஸ்திரி ஆக்லாம் எங்களிடம் சொல்லவில்லை.
அதிகாரி வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்,
போய்விட்டார்.
நெவிலைத்தான் மீட்க முடியவில்லை.
"நம்ம" என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை.
இறந்தவர் இறந்தவராகவே இருந்தார்.

கெல்வின் கையெழுத்திட்டார்,
எழுத்து எழுத்தாக,
ஒவ்வொன்றுக்கும் பேனாவைத் தூக்கி.

மாலை ரொட்டிக் கடை. வரிசை நீளம்.
வேறென்ன வேணும் என்றாள் கடைக்காரி.
"ஐ டோன்ட் வான்ட் நத்திங்" என்றேன்.
இரண்டு இல்லைகள்.
இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டு
மீதிச் சில்லறையைக் கொடுத்தாள்.