நூற்று முப்பத்தோராவது முகம்

முகத்துக்கு நூற்றைம்பது ரூபாய் என்றார்கள்.
அந்தேரியில் ஒரு குளிர்ந்த அறை,
முதுகுக்குப் பின்னால் பச்சைத் துணி,
இரண்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள்.
டப்பிங்கில் தொண்டையை விற்றுப் பழகியவள் நான்.
முகத்துக்கு விலை வந்தது அதுவே முதல்முறை.

'கோபம்' என்பார் ஸ்வப்னில் கரந்திகர்.
கோபப்படுவேன்.
'இவ்வளவு வேண்டாம் மேடம்,
வாசலை மறித்து எவனோ பைக்கை நிறுத்தின கோபம் போதும்.'
குறைப்பேன்.
'மரியாதைக்குச் சிரிப்பது.'
சிரித்தேன். ஒரே டேக்கில் ஓகே.

அப்புறம்தான் விளக்கினார்:
ஆட்டிசம் உள்ளவர்கள் பழகிப் பார்க்க இது.
திரைக்கு மேலே ஒரு சின்னக் கேமரா
அவர்கள் கண் போகும் இடமெல்லாம் போகும்.
என் கண்ணைப் பார்த்தால் நான் பேசுவேன்.
பார்வை நழுவினால்
பாதிச் சொல்லில் உறைந்துவிடுவேன்.
திரும்பிப் பார்த்தால் மீதிச் சொல்.
பார்த்துக்கொண்டே இருந்தால் மணி அடிக்கும்,
ஒரு நட்சத்திரம்.

பணம் வந்தது.
சீத்தா கேம்ப் வீட்டுக்குத் தகரம் மாற்றினேன்.
மறந்தும் போனேன்.

மூன்று மழை கழிந்து
ஜிடிபி நகர் ஸ்டேஷன்,
பன்வேல் வண்டி பதினோரு நிமிடம் தாமதம்.
ஒருவன் வந்து என் முன்னால் நின்றான்.
இருபது வயதிருக்கும்.
ஒரு கை நீளம் விட்டு, அளந்துவைத்த மாதிரி.
'வணக்கம். என் பெயர் எபனேசர்.
உங்களிடம் சற்றுப் பேசலாமா?'
பிளாட்பாரத்தில் யாரும் பேசாத தமிழ்.
கேள்வியின் கடைசியில் குரல் ஏறுகிற இடம்
என்னுடையது.

பேசலாம் என்றேன்.
தகரத்தைப் பற்றிச் சொன்னேன், வண்டி தாமதத்தை,
பாப்லெட் விற்கிற விலையை.
நடுவில் அவன் கண்
இண்டிகேட்டருக்குப் போய்விட்டது.
நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

'நான் அங்க பாக்கறேன்' என்றான்.
'நீங்க நிக்கல.'

மறுபடி சோதித்தான்.
தன் செருப்பைப் பார்த்தான். நான் பேசினேன்.
வடாபாவ் கடை. பேசினேன்.
கூரையில் ஒரு புறா,
அது நகர்ந்து நகர்ந்து போகப் போக அதையே பார்த்தபடி
'ம், மீனு என்ன விலை?' என்றான்.
எங்கேயும் மணி அடிக்கவில்லை.

பிறகு புறாவிடமே கேட்டான்:
'நூத்தி முப்பத்தொண்ணு தப்பு.
லேசான ஏமாற்றம்னு போட்டிருக்கு.
நாலு விடையும் அமுக்கிப் பாத்தேன்,
ஏமாற்றத்துக்குத்தான் மணி அடிக்குது.
ஆனா அது ஏமாற்றம் இல்ல.'

எனக்கு எந்த முகம் என்றே தெரியவில்லை.
அவன் செய்து காட்டினான்.
உதட்டின் இடது ஓரம், லேசாகச் சுருங்கிய மூக்கு,
கொஞ்சம் அதிகமாய்த் திறந்த கண்.

அடக் கடவுளே.
இரண்டாம் நாள் மத்தியானம்.
கழிவறைச் சாவி வாட்ச்மேனிடம்,
வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான்.
'இன்னும் பத்தே முகம் மேடம்' என்றார் கரந்திகர்.
முட்டிக்கொண்டு நின்றேன்
பச்சைத் துணிக்கு முன்னால்.

சொன்னேன்.
பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளி நின்றுகொண்டாள்.
அவன் சிரிக்கவில்லை.
'அந்த விடை லிஸ்ட்ல இல்ல.'
'இல்லப்பா.'
சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து
நூற்று முப்பத்தொன்று என்று போட்டு நிறுத்தினான்.
'ஒண்ணுக்கு. மூணு சுழியா?'
'ரெண்டுமே மூணு சுழி.'
எழுதிக்கொண்டான். அடிக்கோடிட்டான்.

வண்டி வந்தது.
அவன் பொதுப் பெட்டிக்கு, நான் பெண்கள் பெட்டிக்கு.
போய் வருகிறேன் என்பதை
அவன் படித்திருக்க வேண்டும்; சொல்லவில்லை.
செம்பூரில் இறங்கி
நகரும் வண்டிக்கு முகம் கொடுத்து
கையைத் தூக்கி அசைத்தான்.

எனக்கா, வண்டிக்கா, தெரியவில்லை.
நானும் ஒரு தடவை அசைத்துவைத்தேன்.