சிவப்புக்கு இரண்டு விளக்கு

தண்ணீரில் முதலில் சாவது சிவப்பு.
ஏழெட்டு மீட்டர் தாங்கும்.
பிறகு ஆரஞ்சு, அதன் பின்னால் மஞ்சள்,
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும்.
பதினெட்டில் நான் நிற்கும்போது
என் கையுறை, என் வலை, என் கைகூட
ஒரே பாசி நிறம்.

இருபது வருஷமாக அதுதான் எனக்கு வேலைத்தளம்.
சிலியின் தெற்கே, கேயோன் துறைமுகம்,
எர்மிந்தா சிகுவாய் என்று கேட்டால் காட்டுவார்கள்.
சிப்பி எடுப்பவள்.
படகிலிருக்கும் கம்ப்ரெசர் என் நுரையீரல்,
அதன் பக்கத்தில் உட்கார்ந்து
ரப்பர் குழாயை மடங்காமல் பார்த்துக்கொள்வது
என் கொழுந்தன் ஒசியேல்.

சால்மன் கம்பெனி கூண்டுகளை அவிழ்த்துக்கொண்டு போனது.
அடியில் எதையெல்லாம் விட்டுப் போனது என்று
மனு எழுதினோம்.
படம் இருக்கிறதா என்றது அலுவலகம்.

படம்.
மகள் சைக்கிள் ஹெல்மெட்டில் மாட்டுகிற கேமரா,
தீப்பெட்டிக்கு அண்ணன்.
அதைக் கொண்டு இறங்கினேன்.
அதிகாரி பார்த்தார்.
"பட்டாணி சூப்" என்றார்.

புவெர்ட்டோ மோன்ட்டில் அலாமிரோவின் கடை.
ஐயாயிரம் லூமன், அம்மா,
சூரியனையே கையில் தருகிறேன் என்றான்.
ஒன்பது மூட்டைச் சிப்பியின் விலை.
வாங்கி, கேமராவின் தலைமேல் பூட்டி,
பதினெட்டில் பொத்தானை அழுத்தினேன்.

பனி கொட்டியது.
எங்கள் தீவில் எப்போதாவது பெய்யும் பனி
அன்று கடலுக்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது.
மிதக்கிற ஒவ்வொரு தூசும்
நானே நட்சத்திரம் என்று முன்னால் வந்து நின்றது.
அதற்குப் பின்னால் எங்கோ கடல்.

மூடுபனியில் பஸ் டிரைவர்
விளக்கைத் தாழ்த்துவதை
ஆயிரம் தடவை பார்த்தவள்தான்.
தண்ணீரும் மூடுபனிதான் என்று
ஏன் உறைக்கவில்லை?

திரும்பப் போனேன். சூரியனை மேஜையில் வைத்தேன்.
எவ்வளவு வெளிச்சம் என்று இந்த முறை கேட்கவில்லை.
கடை விளக்கை அணைக்கச் சொன்னேன்.
ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்துப் பார்த்தேன்.
நடுவில் முட்டைக்கரு போல ஒரு பொட்டு விழுந்தால், வேண்டாம்.
கோலி உருட்டிவிட்ட மாதிரி ஓரம் வரை பரவினால், தனியே வை.
என் உள்ளங்கையை நீட்டினேன்,
பிணத்தின் கைபோல் தெரிந்தால், வேண்டாம்.
ஒன்பது டிகிரித் தண்ணீரில் எத்தனை நிமிஷம்?
தடிமனான கையுறையோடு அழுத்த முடியுமா?
"பரிசோதகராகப் போகலாம் நீங்கள்" என்றான் அலாமிரோ.
பெரியதைக் கொடுத்துச் சின்னது இரண்டு வாங்கினேன்.
ரூபாய்க்கு அடித்துக்கொள்வது எங்கும் உண்டு,
பேசோவுக்கும் அப்படியே,
மிச்சம் பஸ் காசு மட்டும்.

உடைந்த துடுப்பை ஒசியேல் அறுத்தான்.
நடுவில் கேமரா,
இரண்டு முனையிலும் ஆளுக்கொரு விளக்கு,
பேசிக்கொள்ளாத சம்பந்திகள் மாதிரி
முகத்தை லேசாக வெளியே திருப்பி.

இறங்கினேன்.
கயிற்றில் ஒட்டிய சிப்பி விரலைக் கிழித்தது.
பச்சையாகப் புகைந்தது ரத்தம்.
எத்தனையோ முறை பார்த்த பச்சை,
எனக்குள் ஓடுவதே அந்த நிறமோ என்று
சின்ன வயதில் பயந்ததுண்டு.

விளக்கைப் போட்டேன்.

தூசு ஓரமாய் ஒதுங்கிக்கொண்டது.
பாலாடைபோல் வெள்ளையாய் மூடிய தரை,
அதில் பாதி புதைந்த வலை,
தீவனக் குழாய், ஒரு பூட்ஸ்.
நண்டு இல்லை. நட்சத்திர மீன் இல்லை.
கூண்டுகள் கிடந்த நீளம் முழுக்க நீந்தினேன்.

அலுவலகத்தில் திரை இருட்டாக இல்லை.
அதிகாரி நாற்காலியை முன்னே இழுத்தார்.
வெள்ளைத் தரையைத் தாண்டினார்,
வலையைத் தாண்டினார்,
ஓரத்தில் சுருண்டு மேலேறும் ஒன்றின்மேல்
பேனாவை வைத்தார்.
"இந்தச் சிவப்பு என்ன?"

என் விரல், ஐயா.
நிறுத்தாதீர்கள், ஓடட்டும்.
இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது,
பேட்டரி தாங்கியது.