மூன்று கால்

ஷெஃபீல்டில் இந்த டிசம்பருக்குப் பன்னிரண்டு முயல்கள்.
ஆளுயரம், ஃபைபர் உடம்பு, கழுத்தில் கம்பளித் துண்டு.
வரைபடம் ஒரு பவுண்ட்.
குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறது அந்தக் காசு.
விற்ற தெல்மா தலையில் கலைமான் கொம்பு மாட்டியிருந்தாள்,
ஒரு கொம்பில் விளக்கு எரியவில்லை.
"நாய்க்கும் ஒன்று வாங்குங்களேன்" என்றாள்.
அதற்கு எதற்கு வரைபடம்,
மூக்கு இருக்கிறது.

கிரேவி என்பது வீட்டுப் பெயர்.
பந்தயத் தாள்களில் அவள் வெள்ளிச் சூறாவளி.
இடது காதின் உள்ளே பச்சை குத்திய எழுத்துகள்.
நாற்பத்து மூன்று ஓட்டம், நான்கு வெற்றி.
நாற்பத்து மூன்று தடவையும்
கம்பியில் விரைந்த துணிமுயல் எட்டாமலே போனது.
ஜெயித்த அன்றும்தான்.
ஜெயிப்பது என்றால் மற்ற நாய்களை
என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

என்னிடம் வந்தபோது மாடிப்படி தெரியாது.
கண்ணாடிக் கதவு தெரியாது, போய் முட்டிக்கொண்டாள்.
சோபா மட்டும் ஒரே நாளில் புரிந்துவிட்டது.

முதல் முயல் ரயில் நிலையத்து நீரூற்றருகே.
உடம்பெல்லாம் கத்தியும் முள்கரண்டியும் வரைந்திருந்தார்கள்,
இந்த ஊர் உலகத்துக்கு அடித்துக் கொடுத்தவை.
தூரத்திலேயே காதுகள் நிமிர்ந்தன.
தொடையில், தோலுக்கடியில், ஏதோ எலி ஓடுவதுபோல்.
வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
பத்தொன்பது வருடம் ட்ராமில் டிக்கெட் கொடுத்த கை,
என்ன பிடித்துவிடும்?
ஆலங்கட்டி கரைந்த தரையில் முழங்கால் தேய
விழுந்து, எழுந்து பார்த்தால்
முயலின் முன்னால் நிற்கிறாள்.

முயல் ஓடவில்லை.

மூக்கை வைத்தாள். பெயின்ட் வாசனை.
ஒரு சுற்று வந்தாள்.
முயல் ஓடவில்லை.
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
சம்பளக் கவரைப் பிரித்து எண்ணி முடித்த பிறகும்
உள்ளே இன்னொரு முறை எட்டிப் பார்ப்போமே,
அதற்குப் பக்கத்தில் வரும் அந்தப் பார்வை.

இட்ரிஸ் என்றொரு பொடியன், கையில் பாதி சாசேஜ் ரோல்,
"ஏன் கடிக்கல?" என்றான்.
"ஓடினாத்தானே முயல்."
உடனே அவன் ஓடிக் காட்டினான், இரண்டு கையையும் காதாக்கி.
கிரேவி பார்த்ததெல்லாம் சாசேஜ் ரோலை.

நகர மண்டபப் படிக்கட்டில் இரண்டாவது.
நூலக வாசலில் மூன்றாவது, மூக்குக்கண்ணாடி போட்டது.
நான்காவதற்கு
விளக்குக் கம்பத்துக்குக் கிடைக்கும் மரியாதைகூட இல்லை.
ஐந்தையும் ஆறையும் நான் மட்டும் பார்த்தேன்,
வறுத்த பன்றி விற்கும் வண்டியின் பக்கம்
என் தோள் இழுபட்டுக்கொண்டிருக்க.

ஏழாவது, பேராலயத்தின் பின்சந்தில்.
சனிக்கிழமைக் குடிகாரன் எவனோ சவாரி செய்திருக்கிறான்.
முன்னங்கால் ஒன்று போய்விட்டது.
குச்சம் தெரியும் இடத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டர்,
பக்கத்தில் ஆரஞ்சுக் கூம்பு ஒன்று, காவலுக்கு.
மழை கனத்தது. நான் கிளம்பத் திரும்பினேன்.
வார் வரவில்லை.

அவள் சாய்ந்து நின்றிருந்தாள்.
இந்த ஜாதி நாய்கள் அப்படித்தான்,
நம்பிய கால்மேல் முழுப் பாரத்தையும் போடும்.
இதுவரை என் காலைத் தவிர
வேறெதிலும் அவள் சாய்ந்ததில்லை.
கண்ணை மூடி,
நனைந்த விலா ஏறி இறங்க,
பிடித்துவிட்ட முயலின்மேல்.

கொஞ்சம் பொறாமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

தெல்மாவிடம் சொன்னேன்: "ஏழுக்கு மூன்று கால்."
"நாலு. காலையில்தான் எண்ணினேன்."
"மூன்று."
"நாலு."
பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
சாதிக்கிற ஆளாக என்னை நினைத்திருப்பாள்.
பிடித்தது நானல்ல, தாயே.
ஆனால் கால் மூன்றுதான்.

பாக்கி ஐந்து முயலும் பார்க்கவில்லை.
வரைபடம் கோட்டுப் பையில் கூழாகிவிட்டது.

இரவு சோபாவில் மல்லாந்து தூங்குகிறாள்.
வழக்கம்போல் கனவில் ஓட்டம்,
நான்கு பாதமும் காற்றை உதைக்கின்றன.
தேநீரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் ஒரு கால் நின்றது.
மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன.