இணைப்பு 7, வரிசை 41

தில்லியில் கடல் கிடையாது.
ஆனாலும் மூன்றாம் மாடியில், என் மேசைமேல்
ஆறு கப்பல்கள் நின்றன,
பருத்தி நாடாவில் கட்டுண்டு.

ஆறும் ஒரே வகுப்பு.
நீளம் நூற்றைந்து மீட்டர்.
பின்தளத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கலாம்.
முதல் கப்பலில் நாம் செய்யும் பிழை
மற்ற ஐந்திலும் பிறந்துவிடும் என்பார்
பிரிவு அதிகாரி தல்வார்,
தேநீரில் ரஸ்க்கை நனைத்தபடி.
அது எப்போதும் பாதியில் மூழ்கும்.

நான் சேலத்துக்காரி.
கடலை மூன்று முறை பார்த்திருக்கிறேன்,
இரண்டு முறை பேருந்து ஜன்னல் வழியாக.

ஜனவரி. மூடுபனியில்
எதிர்க் கட்டடமே காணாமல் போயிருந்த காலையில்
நிதிப்பிரிவிலிருந்து கோப்பு திரும்பியது,
பச்சை மையில் ஒரே ஒரு கேள்வியுடன்:
மீட்கப்படுவோருக்கான கம்பளி, கப்பலுக்கு அறுபது.
ஏன் அறுபது?
ஒரே சமயத்தில் அறுபது பேர் மூழ்கியதற்கு
முன்னுதாரணம் உண்டா?

கடலோரக் காவல்படைக்கு எழுதினேன்.
பதினேழாம் நாள் ஒரு கமாண்டன்ட் பதில் போட்டிருந்தார்:
கடல் தலை எண்ணிச் சொல்லிவிட்டு வருவதில்லை.
தல்வார் கண்ணாடியைக் கழற்றினார்.
"கவிதையெல்லாம் கோப்பில் ஏறாதும்மா."

ஒரு படகுக்கு எட்டுப் பேர், மூன்று படகு என்று வைத்து
இருபத்துநான்கு என்று தட்டச்சு செய்தேன்.
கீழே என் சுருக்கொப்பம்.
ஆறு கப்பலுக்கும் சேர்த்து
மிச்சம் இருநூற்றுப் பதினாறு கம்பளி.
அந்தக் காசுக்கு
ஹெலிகாப்டரின் ஒரு சக்கரம்கூட வராது.

கப்பல்கள் போயின. நாடா மட்டும் இருந்தது.
வேறு கோப்புகளைக் கட்டினேன்.

ஐந்து வருடம் கழித்து
மூன்றாம் கப்பலிலிருந்து ஒரு சாதாரணப் படிவம்.
உணவறைத் திரைச்சீலை, ஏழு, மாற்றித் தரவும்.
காரணம் என்ற கட்டத்துக்குள் எழுத்து முட்டி நின்றது:
புயலிரவு. கவிழ்ந்த பார்ஜிலிருந்து முப்பத்தொரு பேர்.
கம்பளி தீர்ந்த பிறகு இவற்றைப் போர்த்தினோம்.

கழித்துப் பார்க்கத் தாள் வேண்டியிருக்கவில்லை.

இப்போது அடுத்த வகுப்பின் கோப்பு வந்திருக்கிறது.
எட்டுக் கப்பல். நீளம் கொஞ்சம் கூட.
வரிசை 41-இல் யாரோ பழையதைப் பார்த்து
இருபத்துநான்கு என்று போட்டிருக்கிறார்கள்.
அடித்து, அறுபது என்று எழுதினேன்.
ஓரத்தில்: முன்னுதாரணம் இணைக்கப்பட்டுள்ளது.

அந்தப் படிவத்தைத்தான் இணைத்தேன்.
அதன் கடைசி வரி இது:
திரைச்சீலை நிறம் வெளிர்நீலம்.
இருமுறை துவைத்தாயிற்று.
டீசல் வாடை போகவில்லை.