ஒரு சாண்

மேலப்பாளையம் கிளை, மூன்றாம் கவுண்டர்.
சாலைப் பத்திரம், முகமதிப்பு ஆயிரம்,
வட்டி ஏழரை, முதிர்வு பதினைந்து ஆண்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செய்யதலி பாத்து.
பீடித்தூள் ஏறிய விரலால்
ஐம்பது ஐம்பதாக எண்ணி வைத்தார்.

"முதல் வந்தாப் போதும்.
வட்டி எங்களுக்கு ஆகாது."

படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள்.
வட்டி வேண்டாம் என்பதற்கு ஒன்றுமில்லை.
அனாமத்துக் கணக்கில் போடுகிறேன் என்றேன்,
அங்கிருந்து அது எங்கே போகுமென்று தெரியாமல்.

"இதுல எது என் ரோடு?"

சிரித்துவிட்டேன். வரிசையில் நின்றவரும் சிரித்தார்.
மதியம் சாப்பிட்ட கையோடு கணக்குப் போட்டேன்.
கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்து லட்சம்.
ஆயிரத்துக்கு இருபத்திரண்டு சென்டிமீட்டர்,
ஒரு சாண்.

புளியரைக்கு மேலே, மொட்டப்பாறை.
பாதி ரப்பர், பாதி பாறை.
அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம்.
நம் பக்கம் இறங்க வழியில்லாமல்
எல்லை தாண்டிப் போய்ப் பெற்றாள்.
பையனின் பிறப்புச் சான்று மலையாளத்தில்.
அதைத் தமிழாக்கிக் கையெழுத்து வாங்க
மூன்று வருடம் தென்காசிக்கு நடந்தார்கள்.

சாரல் ஓய்ந்த வாரம் மறுபடி வந்தார்.
"போய்ப் பாத்தேன்.
கறுப்பா, நனைஞ்சு, நல்லாத்தான் கெடக்கு.
ஆட்டோ வாசல்வரைக்கும் வருது.
குனிஞ்சு ஒரு சாண் அளந்தேன்,
ரப்பர் லாரிக்காரன் ஏசிட்டுப் போறான்."

பிறகு துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு ரசீது.
தங்கை கட்டிய வீட்டு வரி.
அதன் அடியில் புதிதாக ஒரு வரி:
சாலைக் கடன் மேல்வரி, நூற்று அறுபது.

"இது எங்க போகுது?"
வட்டிக்கு என்றேன்.
"யார் வட்டிக்கு?"

டோக்கன் எழுபத்து மூன்று என்றது இயந்திரம்.
எழுபத்து மூன்று எழுந்து வந்து
அவர் தோளுக்குப் பின்னால் இருமினார்.

"அப்போ நான் வேண்டாம்னு சொன்ன எழுபத்தஞ்சை
அவகிட்ட வாங்கி
நீங்க வச்சிருக்கியளோ?"

தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன்.
முதலாவதற்குப் பதில் வந்தது:
"பொருள் பரிசீலனையில்."

இது எட்டாவது வருடம்.
அனாமத்தில் அறுநூறு ரூபாய் கிடக்கிறது.
மொட்டப்பாறை மூன்றாம் வளைவு
ஐப்பசி மழையில் பெயர்ந்துவிட்டதாம்,
ஒட்டுப்போட நிதி இல்லையாம்.

கவுண்டரை மூடியபின்
மேசைமேல் கையை விரித்துப் பார்த்தேன்.
அறுநூறுக்கு
சுண்டுவிரல்வரை எட்டாது.