தண்ணிப் பேப்பர்

தின்னர் வேண்டாமென்று
பெயிண்ட் கடையில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.
ஊற்றினேன்.
முன் மட்கார்டு கருப்பட்டிப் பாகாய் இளகி
என் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டது.
தகரமில்லை இது, பிளாஸ்டிக்.

ஆகவே இன்று வாளித் தண்ணீர், இரண்டு சொட்டு ஷாம்பு,
நானூறு நம்பர் தண்ணிப் பேப்பர்.
உட்பக்கம், யாரும் பாராத மூலையில்
முதலில் தேய்த்துப் பார்த்தேன்.
வெள்ளகோவில் ஆடிக் காற்றில்
உலரத் தேய்த்தால் பொடி நேரே
எதிர்வீட்டுத் தறிக்குப் போய்ப் பாவில் உட்காரும்,
மிச்சம் என் நெஞ்சில்.
முகமூடிக்கு மேல் துண்டும் கட்டியிருக்கிறேன்.

சிவப்பு போனது. அடியில் பச்சை.
பச்சை மேல் வெள்ளை எழுத்தில் பாதி:
"...கொடி ஸ்டோர்ஸ்."
அதையும் அழித்தேன்,
மத்தியானத்துக்குள் முடிக்கிற அவசரத்தில்.

வலப்பக்கப் பேனலில் ஓரிடம்
நிறமே இல்லாமல் சாம்பலாய்த் திரண்டது.
பட்டி.
நகத்தால் தட்டினால் ஒலி வேறு.
ஒரு சாண் விரிசலை நிரப்பி
மேலே மூன்று கோட் சிவப்பு.

"ஒருக்காக்கூடக் கீழ போட்டதில்லீங்க,
முத்தூர் சந்தைக்குப் போறதோட சரி"
என்று விற்ற தெய்வசிகாமணியைப்
போனில் பிடித்தேன்.
கேட்க வைத்திருந்த வார்த்தையெல்லாம்
நாக்கு நுனியில்.

வண்டி எப்படிங்க ஓடுது, என்றார்.
நல்லாத்தானுங்க ஓடுது.
வலது பக்கம் பெயிண்ட் எடுத்திட்டிருக்கறனுங்க.

அந்தப் பக்கம்
ஒரு பஸ் போகும் நேரம் வரை சத்தமில்லை.

"பொற்கொடி ஓட்டீட்டிருந்த வண்டிங்க அது."

வாளியில் சிவப்பும் பச்சையும் கலங்கி
சேற்று நிறம்.
எண்ணூறு நம்பர் பேப்பரை ஊறப் போட்டேன்.
இந்த இடத்துக்கு அது போதும்.