மூன்றாம் கேட்

குடிகாட்டில் எவன் தும்மினாலும்
கம்பெனிக் காற்று என்பார்கள்.
நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்,
பதினோரு வருஷம் அந்தக் கேட்டிலேயே நின்றுகொண்டு.

முன்கையில் வரிசையாகப் பதினாறு சொட்டு,
சொட்டுக்கு ஒரு குத்து.
கால் மணி நேரத்தில் தடித்தவை இரண்டு.
ஒன்று எல்லோருக்கும் தடிக்குமாம்.
மற்றதைத் தொட்டு
"தலையணை" என்றார் டாக்டர் பெனிட்டா.

தூசிப்பூச்சி. கண்ணுக்குப் படாது, எட்டுக் காலாம்.
என் தோல் உதிர்வதைத் தின்று
என் தலைமாட்டிலேயே கழிகிறது.
அதனிடம் ஒரு புரதம், நடுவில் பிசுக்கான பொந்து,
பொந்துக்குள் பாக்டீரியாவின் கொழுப்புத் துணுக்கு.

மிச்சத்தை மருந்துச் சீட்டின் பின்னால் வரைந்தார்:
உடம்புக்கும் ஒரு வாசல் காவலாளி.
இந்தக் கொழுப்பைப் பிடித்துவந்து காட்டவென்றே
அவனுக்கு ஒரு கூட்டாளி.
பூச்சியின் புரதத்துக்கு அப்படியே கூட்டாளியின் சாயல்.
அதை நம்பி இவன் சைரனை அமுக்கிவிடுகிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே தும்மல்.
போன ஐப்பசி மழையில்
மஞ்சள் தொப்பி, நீலச் சட்டை,
வெல்டர் தணிகாசலத்தின் அதே சாய்ந்த நடை.
"போப்பா" என்று விட்டேன்.
செம்புக் கம்பி இரண்டு சுருள் போயிற்று.
மெமோ டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

அஞ்சலாட்சி தலையணைகளை
மாடி வெயிலில் போட்டிருக்கிறாள்.
உப்பனாற்று ஈரம் அந்திக்குள் திரும்ப ஏறிவிடும்.

இன்றைக்கு நைட் ஷிப்ட்.
கேட்டில் அதே அழுகிய முட்டைக்கோஸ் வாடை.
பதினாறு சொட்டில்
அது இல்லை.